மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லையாம்!

2025 மார்ச் 10ஆம் தேதி, தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரை, மூன்று பேர் பேருந்தை மறித்துக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாகின. வெட்டுப்பட்டவர் பட்டியல் சாதி மாணவர். பிடிபட்ட மூவரும் சிறார்கள். அந்த மாணவர் ஒரு கபடி வீரர். போட்டியில் அவருடைய அணி ஆதிக்க சாதியினரின் அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

அந்தச் செய்தி நாளிதழ்களில் வந்துகொண்டிருந்த நாட்களில், நான் தோவாளை வட்டத்தில் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் வினாப்படிவங்களோடு உட்கார்ந்திருந்தேன். வளரிளம் பருவத்தினரின் உடலியக்கத்தைத் தீர்மானிக்கும் உளவியல் காரணிகள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். பிள்ளைகள் ஏன் ஓடியாடி விளையாடுகிறார்கள், ஏன் விளையாடாமல் போகிறார்கள் என்று கேட்பதற்குப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் நீளமான பெயர் அது. ஒரு மாணவி எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி டிக் அடித்திருந்தாள். விளையாட்டில் ஆர்வம்: இல்லை. விளையாடும்போது மகிழ்ச்சி: இல்லை. என்னால் நன்றாக விளையாட முடியும் என்ற நம்பிக்கை: இல்லை.

படிவங்களை அடுக்கியபின் பேச்சுக் கொடுத்தேன். "ஓடப் பிடிக்கும்க்கா. ஆனா கிரவுண்டுக்குப் போனா அம்மா ஏசும்" என்றாள். ஏன் ஏசுவாள்? "அந்தப் பக்கத்துப் பயலுவ ஏதாவது சொல்லுவானுவ. பெறவு எங்க அண்ணன் கேக்கப் போவான். அது சண்டையாவும். அதுக்குப் போவாமலே இருந்துரலாம்லா."

பதினான்கு வயதில் இவ்வளவு துல்லியமான ஒரு கணக்கு. தன் கால் ஓடினால் அண்ணன் தலை உருளக்கூடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் படிவத்தில் இதை எழுத ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. ‘ஆர்வம்: குறைவு.’

நான் படிக்கும் துறையின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. நாள்தோறும் குறைந்தது 60 நிமிடமாவது பிள்ளைகள் உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளை வைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் 81 விழுக்காட்டினருக்கு அந்த அளவு கிட்டுவதில்லை. இந்தியாவில் ஏறத்தாழ நான்கில் மூவர். இதைப் படித்தவுடன் நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் செல்போனைத் திட்டுவார்கள். கல்வித்துறை ஒரு ‘ஊக்கமூட்டும் பேச்சாள’ரை அழைத்துவந்து, "உங்களால் முடியும் என்று நம்புங்கள்" என்று ஒலிபெருக்கியில் கத்த வைக்கும். பல்கலைக்கழகம் ஐந்து புள்ளி அளவுகோலை நீட்டி, நம்பிக்கை எவ்வளவு, ஆர்வம் எவ்வளவு என்று அளக்கும். மூவருக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு. குறை பிள்ளையின் மனத்துக்குள் இருக்கிறது.

உளவியலையே தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை ஒழுங்காகப் படித்தால் அதுவே இவர்களை அம்பலப்படுத்தும். ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த சுயதிறன் நம்பிக்கை என்ற கருத்தை வைத்துத்தான் இந்தத் துறையில் பாதிப் பேர் பிழைக்கிறோம். "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை ஒருவருக்கு வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு ஊற்றுகள் உண்டு என்றார் அவர். எல்லாவற்றிலும் வலுவான ஊற்று, தானே செய்து ஜெயித்துப் பார்த்த அனுபவம். ஒருமுறை ஜெயித்த பிள்ளை மறுமுறை இறங்கத் தயங்காது.

ஸ்ரீவைகுண்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெயித்தார்; விரலை இழந்தார். அந்தச் செய்தியைக் கேட்ட ஒவ்வொரு சேரிப் பையனுக்கும் அது என்ன கற்றுக்கொடுத்திருக்கும்? தோற்றால் அவமானம், ஜெயித்தால் ஆபத்து. பண்டூராவின் கோட்பாட்டில் வெற்றி நம்பிக்கையைத் தரும். சாதி இருக்கும் ஊரில் வெற்றி அரிவாளைக் கூட்டிக்கொண்டு வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட அளவுகோலில் இதற்கு இடமில்லை என்றால் அது அவர்கள் குற்றமில்லை. அதை அப்படியே தமிழில் மாற்றி, ஊர்த் தெருவிலும் காலனியிலும் ஒரே படிவத்தைக் கொடுத்து, வந்த எண்களை ஒப்பிட்டு, ‘பட்டியல் சாதி மாணவர்களிடம் தன்னம்பிக்கை குறைவு’ என்று முடிவெழுதுகிறோமே, அது நம் குற்றம்.

மற்றவர் செய்வதைப் பார்த்து நம்புவது இரண்டாவது ஊற்று. நம்மைப் போன்ற ஒருத்தி ஜெயித்தால் நமக்கும் நம்பிக்கை வரும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்த வந்தனா கட்டாரியாவின் வீட்டுமுன், அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று வெடி வெடித்துச் சாதிப் பெயர் சொல்லிக் கூச்சலிட்டார்கள். அதற்கு 110 ஆண்டுகளுக்கு முன், 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த பல்வங்கர் பாலுவுக்கு இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு கடைசிவரை கொடுக்கப்படவில்லை. முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

அடுத்தது பிறர் சொல்லும் சொல். இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. நானும் ஒன்பதாம் வகுப்புவரை 400 மீட்டர் ஓடினேன். ஒருமுறை வட்ட அளவில் முதலாவதாக வந்தபோது எங்கள் பி.டி. ஆசிரியர் மகிழ்ச்சியாகவே சொன்னார்: "வயக்காட்டுல வேலை செய்த ஒடம்புல்லா, ஓடத்தான் செய்யும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாராட்டு என்றுதான் அவர் நினைத்திருப்பார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடிப் பழகியதை ஒரே வாக்கியத்தில் என் தாத்தாவின் தலைமுறைக் கூலிவேலையின் கணக்கில் எழுதிவிட்டார். ஜெயித்தது நானல்ல, என் சாதி உடம்பு. தோற்றிருந்தால் மட்டும் அது முழுக்க என் தோல்வியாக இருந்திருக்கும். அடுத்த ஆண்டு பெயர் கொடுக்கக் கேட்டபோது, படிக்க நிறைய இருக்கிறது சார் என்றேன். பதிவேட்டில் ‘விருப்பமில்லை’ என்று எழுதியிருப்பார்கள்.

"அதெல்லாம் தூத்துக்குடியில், திருநெல்வேலியில், நம்ம குமரியில் சாதி எங்கே இருக்கிறது?" என்பது நாகர்கோவில்காரர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் வசனம். 2011 கணக்கெடுப்பில் 91 விழுக்காட்டைத் தாண்டிய எழுத்தறிவு, ஊருக்கொரு பள்ளி, தெருவுக்கொரு கல்லூரி. இங்கே வெட்டுக்குத்து குறைவு என்பது உண்மைதான். காரணத்தை அதே கணக்கெடுப்பில் பாருங்கள். இந்த மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 4 விழுக்காடு. மாநில அளவில் ஐந்தில் ஒருவர். அதாவது குமரியில் ஒரு வகுப்பறையில் எங்கள் பிள்ளை ஒருத்தியோ இரண்டு பேரோ இருப்பார்கள். சில வகுப்புகளில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கபடி அணிக்கு ஏழு பேர் வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துப் பையனுக்குத் தோற்கடிக்க ஓர் அணியாவது இருந்தது. இங்கே ஏழு பேர் சேர்வதே கடினம். சேராத அணி ஜெயிக்காது. ஜெயிக்காத அணியை யாரும் வெட்டமாட்டார்கள். இதைத்தான் நல்லிணக்கம் என்று நாம் கொண்டாடுகிறோம். பக்கத்து மாவட்டத்தில் அரிவாளாகத் தெரிவது இங்கே ‘ஆர்வமின்மை’யாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சரி, பள்ளிக்கு வெளியே எங்கே விளையாடுவது? இங்கே ஊருக்கு ஊர் ‘ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்’ உண்டு. பொங்கலுக்கும் ஓணத்துக்கும் கிறிஸ்மசுக்கும் வடம் இழுப்பு, கைப்பந்து, கபடி எல்லாம் நடக்கும். நான் பார்த்த கிளப்புகளில் பெரும்பாலானவை ஒரு கோயிலின், ஒரு சபையின், ஒரு சாதிச் சங்கத்தின் நிழலில் நிற்பவை. மைதானம் அவர்களுடையது, நிர்வாகிகள் அவர்கள், நன்கொடைச் சீட்டும் அவர்களுடையது. யாரும் எங்கள் பிள்ளையை "வராதே" என்று சொல்வதில்லை. "வா" என்றும் சொல்வதில்லை. எங்கள் பையன்களுக்குக் கும்பப்பூ அறுப்பு முடிந்த வயல்தான் மைதானம். மாசி, பங்குனியில் தாள் காய்ந்து கிடக்கும்வரை ஸ்டம்பு நட்டு ஆடலாம். கன்னிப்பூவுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் ஆட்டம் முடிந்தது. அந்த வயலும் இப்போது தூர்க்கப்பட்டு பிளாட் கல் நட்டாகிவிட்டது.

இதற்கு எதிர்ச்சான்றும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. தூத்தூர் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கால்பந்து அங்கே மூச்சு. சந்தோஷ் டிராபிவரை ஆடியவர்கள் அந்த மணலிலிருந்து வந்திருக்கிறார்கள். மீனவப் பிள்ளைகளை உள்நாட்டுக்காரர்கள் எவ்வளவு இளக்காரமாகப் பேசுவார்கள் என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மணல் அவர்களுடையது. கிளப் அவர்களுடையது. ஆடி முடித்த அண்ணன்மார் கரையில் நின்று கத்துகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் சுயதிறன் நம்பிக்கையை அளந்தால் உயர்ந்துதான் இருக்கும். யாரும் அவர்களுக்கு ஊக்க உரை ஆற்றவில்லை. (அங்கும் பெரும்பாலும் பையன்கள்தான் ஆடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன உலக ஆய்வில் எனக்கு மறக்க முடியாத ஓர் இடம் உண்டு. இந்தியா, வங்கதேசம் ஆகிய நாடுகளில் பெண்பிள்ளைகள் மற்ற பல நாட்டுப் பெண்பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கூடுதலாக இயங்குகிறார்களாம். ஏன்? ஆய்வாளர்களே சொன்ன சாத்தியமான விளக்கம், வீட்டு வேலை. குடம் சுமப்பதும் முற்றம் தூத்து வாருவதும் உடலியக்கம்தானே! கலோரிக் கணக்குப்படி சரி. வாரியலைப் பிடித்துக் குனிந்து நிற்கும் பிள்ளையையும், பந்தைத் துரத்தும் பிள்ளையையும் ஒரே கட்டத்தில் எழுதும் அறிவியலைப் பற்றி அம்பேத்கரியர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிறேன். உடல் இயங்குவதும் உடல் இயக்கப்படுவதும் ஒன்றா? பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தலைமை ஆசிரியை கைதானார். அந்தப் பிள்ளைகளின் கையில் அன்று கருவி கட்டியிருந்தால் அதுவும் ‘மிதமான உடலியக்கம்’ என்று பதிவாகியிருக்கும்.

குமரியில் இந்தப் பேச்சுக்கு ஒரு பின்கதை உண்டு. பெண்ணின் மேலுடம்பை எந்தத் துணி எப்படி மூடலாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்ட மண் இது. தோள்சீலைக்காக 1820களிலிருந்து அடிபட்டுப் போராடி, 1859இல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனத்தைப் பெற்றார்கள் நாடார் பெண்கள். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை. அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டச் சொன்னதும் உடலை நிமிர்த்தத்தான். அந்தப் பரம்பரையில் வந்தவர்களின் பள்ளிகளிலும் கிளப்புகளிலும் இன்று என்ன நடக்கிறது? பருவமெய்திய பிள்ளை ‘சால்’ இல்லாமல் மைதானத்தில் இறங்கினால் முகம் சுளிக்கிறார்கள். இரண்டு தோளிலும் ஊக்கு குத்திய சாலோடு 100 மீட்டர் ஓடிப் பாருங்கள். அன்று மூடாதே என்றார்கள், இன்று மூடிக்கொண்டு ஓரமாக நில் என்கிறார்கள். தோள்சீலைப் போராட்டத்தை மேடைதோறும் பேசும் பெரியவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் பேத்தி ஷார்ட்ஸ் போட்டு ஓடலாமா? உங்கள் ஊர் மைதானத்தில் சாம்பவர் வீட்டுப் பிள்ளை ஓடலாமா?

நடப்பதே இங்கே ஒருகாலத்தில் கலகம்தான். 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினார். 1926இல் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகச் சத்தியாகிரகம் நடந்தது. ‘உடலியக்கத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்’ என்று ஒரு படிவத்தை அன்றைக்குக் கொடுத்திருந்தால் எங்கள் முன்னோர்கள் எதில் டிக் அடித்திருப்பார்கள்? நடக்க ஆர்வமில்லை என்றா?

இன்றைய பள்ளிக்கு வருவோம். 2019 ஜூலையில் பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிவாரியாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறக் கயிறுகளைக் கையில் கட்டுகிறார்கள். விளையாட்டு அணிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கவும் இடைவேளைகளில் கூட்டம் சேரவும் அது பயன்படுகிறது என்று பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் தெரிவித்ததை அது சுட்டிக்காட்டியது. கவனியுங்கள், விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்க! எதிர்ப்புக் கிளம்பியவுடன், எனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்று அன்றைய அமைச்சர் கைகழுவினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை வீடு புகுந்து வெட்டியபிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, மாணவர்களைக் கொண்டு சமூகநீதிப் படை அமைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தார். அந்த அறிக்கை முழுமையாக நடைமுறைக்கு வந்த ஒரு பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கயிற்றை அவிழ்த்தால் மட்டும் போதாது என்பது வேறு விஷயம். ‘பைசன்’ படத்தைத் திரையரங்கில் பார்த்துக் கைதட்டினோம். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்றதற்கும் கைதட்டினோம். தட்டத்தான் வேண்டும். ஆனால் தப்பிவந்த ஒருவரைக் காட்டி, "பார், அவளால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்று ஓரத்தில் நிற்கும் பிள்ளையிடம் கேட்பது ஊக்கம் ஆகாது. தப்ப முடியாததற்கு அவளையே பொறுப்பாக்குகிற வேலை அது.

செல்போன் குற்றச்சாட்டுக்கும் ஒரு பதில். காலனிப் பையன் மாலையெல்லாம் செல்போனில் பந்து விளையாடுகிறான் என்று அங்கலாய்க்கிறார்கள். அந்த ஆட்டத்தில் சேர அவனிடம் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. அவன் கண்ணுக்குக் கெடுதல்தான். அதைவிட நல்ல மைதானம் உங்கள் ஊரில் இருந்தால் காட்டுங்கள், கூட்டிக்கொண்டு வருகிறோம்.

என்ன செய்யலாம்? பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கடன் வாங்கக் கூடாது என்று உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராகக் கேட்டுக்கொண்டார். சிரித்துக் கைதட்டியதோடு சரி. பள்ளி மைதானம் மட்டும்தான் எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டப்படி உரிமையுள்ள மைதானம். அந்த 45 நிமிடம் பறிபோனால் கிளப் வைத்திருப்பவன் பிள்ளைக்கு நட்டமில்லை, எங்களுக்குத்தான் நட்டம். ஆகவே எந்த வகுப்புக்கு எத்தனை பி.டி. பீரியட் நடந்தது என்று மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்வோம். அணித் தேர்வு எல்லோர் கண்முன்னும் நடக்கட்டும். நேரமும் தூரமும் எழுதி வைக்கட்டும். அரசுப் பள்ளி மைதானத்தை மாலையிலும் விடுமுறையிலும் பூட்டாமல் திறந்து வைக்கட்டும். சாதி சொல்லி ஏசுகிறவர் பி.டி. ஆசிரியரானாலும் பயிற்சியாளரானாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுப்போம். நான் அன்று கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று, இது எல்லோரும் இந்த வாரமே செய்யக் கூடியது. ‘கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்ட’த்தில் ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருட்கள் வந்தன. மட்டை, பந்து, கைப்பந்து வலை, சிலம்பக் கம்பு எல்லாம். என் களப்பணிக்காகப் போன ஓர் ஊராட்சியில் அது எங்கே என்று கேட்டேன். அலுவலகத்தில் இல்லை. ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் கிளப் கட்டடத்தில் இருக்கிறது என்றார்கள். சாவி கிளப் செயலாளரிடம். காலனிப் பையன்களுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. உங்கள் ஊராட்சியில் அது எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாகக் காலனிப் பிள்ளைகள் கையில் எப்போது கொடுத்தார்கள் என்று போய்க் கேளுங்கள். வாயால் சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கிடைத்த பதிலை ஊர்ப்பெயரோடு இந்தத் தளத்துக்கு எழுதுங்கள்.

என் படிவத்திலும் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "நீ விளையாடும் இடம் யாருடையது?" இது உளவியலில் வராது, எடுத்துவிடு என்கிறார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தப் புதிய படிவத்தைக் கொடுத்தபோது, மற்ற கேள்விகளை விட்டுவிட்டு அதற்குத்தான் முதலில் பதில் எழுதினாள்.